மடி ஓர் இருக்கை அல்ல

2024 அக்டோபரில் திருவனந்தபுரத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. காரில் போகும் நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பின்சீட்டில் தனிக் குழந்தை இருக்கையில் வைத்து வார்ப்பட்டையால் கட்ட வேண்டும். நான்கிலிருந்து பதினான்கு வயதுவரை, உயரம் 135 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், பூஸ்டர் இருக்கையில் உட்காரவைத்து சீட் பெல்ட் போட வேண்டும். டிசம்பர் முதல் அபராதம். இப்படிச் சொன்னவர் கேரளத்தின் போக்குவரத்து ஆணையர். செய்தியின் சூடு ஆறுவதற்குள் போக்குவரத்து அமைச்சர் கே.பி. கணேஷ்குமார் அதை மறுத்தார். அபராதமும் கட்டாயமும் கிடையாது, ஆணையர் விழிப்புணர்வுக்காகச் சொன்னதுதான் என்று விளக்கம் வந்தது. கார் வைத்திருக்கும் குடும்பங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டன.

மறுக்கப்பட வேண்டியது அந்த நிம்மதிதான்.

அதன் பின்னால் இருக்கும் வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுவது நியாயம். நம் ஊர்ச் சாலைகள் ஜெர்மனியின் நெடுஞ்சாலைகள் அல்ல; திருவனந்தபுரத்துக்குள் பட்டத்திலிருந்து தம்பானூர் போய்ச் சேர்வதற்குள் வண்டி நாற்பதைத் தாண்டுவதே அபூர்வம். குழந்தை தாயின் மடியில் இருக்கிறது. எது நடந்தாலும் தாய் விடமாட்டாள். பின்சீட்டில் இருப்பவருக்கு முன்சீட்டே அரண். புதுக் கார்களில் ஏர்பேக் இருக்கிறது. போதாததற்கு, கட்டிவைத்த குழந்தை வீரிட்டு அழும். அவசரத்தில் அவிழ்க்கவும் முடியாது. ஸ்கூட்டரில் நான்கு பேர் போகிற ஊரில் குழந்தை இருக்கை என்பது பணம் உள்ளவர்களின் பண்டம். நாம் எல்லோரும் மடியில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தானே? இதைச் சொல்பவர்கள் பொறுப்பற்றவர்கள் அல்லர். பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவர்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிகளுக்கும் விமான நிலையத்துக்கும் வரும் தமிழ்க் குடும்பங்களின் கார்களிலும் இதே நம்பிக்கைதான் உட்கார்ந்து வருகிறது. "பிள்ளைய மடியில வச்சுக்கிடு" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்கள்.

அத்தனை அன்பும் ஒரு பௌதிகக் கணக்கில் தோற்றுப்போகிறது.

1. கையின் பலத்திலிருந்து தொடங்கலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 11 மீட்டர். அந்த வேகத்தில் போகும் கார் ஒரு மரத்திலோ பாலத்தூணிலோ நேராக மோதினால், முன்பகுதி ஏறத்தாழ அரை மீட்டர் நசுங்கி, நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் வண்டி நின்றுவிடும். நின்றது வண்டி. உள்ளே இருப்பவர்கள் அதே 11 மீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களை எதுவாவது பிடித்து நிறுத்த வேண்டும். 10 கிலோ எடையுள்ள குழந்தையை வண்டியோடு சேர்த்து அந்த அரை மீட்டருக்குள் நிறுத்த, அதன் எடையைப்போலப் பன்னிரண்டு மடங்குக்கும் மேலான விசை வேண்டும். அந்தக் கணத்தில் தாயின் கையில் இருப்பது 10 கிலோ அல்ல, 125 கிலோ. இரண்டரை சிமென்ட் மூட்டை. அதுவும் சராசரிதான், மோதலின் உச்சத்தில் இது இரு மடங்குவரை ஏறலாம்.

தாய் இறுகப் பிடித்துக்கொள்வாள் என்பதற்கு நேரமும் இல்லை. மோதலை உணர்ந்து தசை இறுகத் தொடங்கும்போது மோதலின் பெரும்பகுதி முடிந்திருக்கும். முன்கூட்டியே இறுகப் பிடித்திருந்தாலும் 125 கிலோவை நீட்டிய கைகளால் தாங்கும் மனிதர் யாரும் இல்லை, பளுதூக்கும் வீரர் உட்பட.

கைநழுவிய குழந்தை அதே வேகத்தில் போய் டேஷ்போர்டிலோ முன்சீட்டின் முதுகிலோ முட்டும். அங்கே அது நிற்பதற்குக் கிடைக்கும் தூரம் ஐந்து சென்டிமீட்டர் இருந்தாலே அதிகம். நிற்கும் தூரம் பத்தில் ஒன்றானால் விசை பத்து மடங்காகும். பன்னிரண்டு மடங்கு எடை என்பது இப்போது நூற்று இருபத்தைந்து மடங்கு. ஆறு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டாவது மாடியிலிருந்து, கீழே விழுவதும் இதுவும் ஒன்று. பால்கனிக் கம்பியருகே குழந்தை போனாலே பதறி ஓடும் வீட்டில், அதே ஆபத்து தினமும் காரில் நடந்தேறக் காத்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தாய் பெல்ட் போடவில்லை என்றால், அவளுடைய 60 கிலோவும் சேர்ந்து முன்னால் போகும். குழந்தை அவளுக்கும் முன்சீட்டுக்கும் நடுவில் மாட்டும். தன்னையும் குழந்தையையும் ஒரே பெல்ட்டுக்குள் சேர்த்துக் கட்டிக்கொள்ளும் தாய்மார்களும் உண்டு. அப்போது பெல்ட்டுக்கும் தாயின் உடம்புக்கும் இடையே நசுங்குவது குழந்தை.

2. "டவுனுக்குள்ள வேகமே இல்லை" என்பவர்களுக்கு. கழக்கூட்டத்திலிருந்து தெற்கே பைபாஸில் ஏறினால் எந்த வேகத்தில் வண்டிகள் போகின்றன என்பது திருவனந்தபுரத்துக்காரர்களுக்குத் தெரியும். நகரம் என்பது பட்டம் சிக்னல் மட்டும் அல்ல. அது கிடக்கட்டும், வாதத்துக்காக நகருக்குள்ளேயே நிற்போம்.

2014 ஜூன் 3 அதிகாலை, டெல்லியின் நடுவில், விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்த மத்திய அமைச்சர் கோபிநாத் முண்டேயின் கார்மீது இன்னொரு கார் மோதியது. நெடுஞ்சாலை அல்ல, லாரி அல்ல, வண்டி உருக்குலையவும் இல்லை. பின்சீட்டில் இருந்த முண்டேயின் உடலில் வெளியே பெரிதாகக் காயம் தெரியவில்லை. உள்ளே கழுத்தெலும்பும் ஈரலும் சேதமாகியிருந்தன. அவர் இறந்துபோனார். பின்சீட் பெல்ட் வெறும் அலங்காரம் என்ற தவறான எண்ணத்துக்கு நண்பரைப் பறிகொடுத்தேன் என்ற பொருளில் அன்றைய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன் பேசினார். அவர் டாக்டர்.

வண்டியின் வேகத்தை மட்டும் பார்ப்பதால் வரும் பிழை இது. உடம்பைச் சேதப்படுத்துவது வேகம் அல்ல, வேகத்தில் வரும் திடீர் மாற்றம். அதை மிகத் தெளிவாகக் காட்டுவது கழுத்துதான். சிக்னலில் நிற்கும் காரைப் பின்னாலிருந்து இன்னொரு வண்டி இடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சீட்டின் முதுகு, உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சை முன்னால் தள்ளுகிறது. தலைக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. அடிக்கழுத்து பின்பக்கம் வளைய, மேல்கழுத்து முன்பக்கம் மடிய, ஒரு கணம் கழுத்து எஸ் வடிவத்தில் நெளிகிறது. பிறகுதான் தலை பின்னால் சாய்ந்து, மறுபடி முன்னால் வீசப்படுகிறது. முதல் நெளிவு முழுதும் நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் நடந்து முடிகிறது. மருத்துவர்கள் விப்லாஷ் என்று சொல்லும் காயம் இப்படித்தான் உண்டாகிறது. மணிக்கு 15 கிலோமீட்டருக்குக் குறைவான வேக மாற்றத்திலேயே இது வரலாம். பம்பரில் கீறல்தான் இருக்கும். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போகலாம். மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியாது. தலையணை என்று நினைத்து எல்லோரும் தாழ்த்தி வைத்திருக்கும் ஹெட்ரெஸ்ட் இருப்பதே இந்த நெளிவைத் தடுக்கத்தான். அதன் உச்சி தலையின் உச்சிக்கு நேராக, தலைக்கு மிக அருகில் இருக்க வேண்டும்.

இது பெரியவரின் கழுத்து. குழந்தையின் கழுத்து வேறு. பெரியவருக்குத் தலை உடல் எடையில் ஏறத்தாழ 6 சதவீதம். பிறந்த குழந்தைக்குக் கால் பங்கு. அந்தப் பெரிய தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகளில் பாதி இன்னும் குருத்தெலும்பு. முழுதாக இறுகப் பல ஆண்டு ஆகும். நேர் மோதலில் குழந்தையின் தோள் நின்றாலும் தலை நிற்காது, கழுத்தை இழுத்துக்கொண்டு போகும். இதனால்தான் சின்னக் குழந்தைக்கான இருக்கை பின்னோக்கிப் பொருத்தப்படுகிறது. 1960களில் ஸ்வீடனின் பெர்ட்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர்கள் மல்லாந்து படுத்து முதுகு முழுவதாலும் விசையைத் தாங்குவதைப் பார்த்து, அதைக் குழந்தைக்குக் கொண்டுவந்தார். பின்னோக்கி உட்கார்ந்த குழந்தையின் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையின் ஓடு ஒரே சமயத்தில் பிடித்து நிறுத்துகிறது. கழுத்து தனியாக எதையும் இழுக்க வேண்டியதில்லை. ஸ்வீடனில் நான்கு வயது வரைகூடக் குழந்தைகள் பின்னோக்கித்தான் பயணம் செய்கிறார்கள். எந்தத் தாயின் மடியும் இந்த வேலையைச் செய்யாது.

3. பின்சீட் அரணா? 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே சூர்யா ஆற்றுப் பாலத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி வந்த கார் மோதியது. விலையிலும் பாதுகாப்பிலும் முதல் வரிசை வண்டி. முன்னால் இருந்த இருவர் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின்னால் இருந்த மிஸ்திரியும் இன்னொருவரும் இறந்தார்கள். இருவரும் பெல்ட் போடவில்லை என்றது போலீஸ். முன்சீட்டின் முதுகு அரண் என்று நினைப்பவர்கள், அதில் முட்டும்போது அதுதான் மோதும் சுவர் என்பதை மறந்துவிடுகிறார்கள். மத்திய அரசின் கணக்குப்படி 2022இல் மட்டும் சீட் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் 8,331 பேர் ஓட்டுநர் அல்லாத பயணிகள்.

4. ஏர்பேக்கை நம்பி மடியில் குழந்தை வைப்பது எல்லாவற்றிலும் கொடிய தவறு. 2024 செப்டம்பர் கடைசியில் மலப்புரம் மாவட்டத்தில் காரும் டேங்கர் லாரியும் மோதின. முன்சீட்டில் தாயின் மடியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை, விரிந்த ஏர்பேக் அழுத்தியதில் இறந்தது. கூட வந்தவர்கள் பிழைத்தார்கள். ஆணையரின் அறிவிப்பு வந்தது அதற்குச் சில நாட்களில்.

ஏர்பேக் மெத்தை அல்ல. பெல்ட் போட்ட பெரியவர் முன்னால் சாய்ந்து வருவதற்குள் விரிந்து முடிக்க வேண்டிய பொருள். கண் இமைக்கும் நேரத்தில், மணிக்கு 300 கிலோமீட்டரை எட்டும் வேகத்தில் வெடித்து விரிகிறது. அதற்கும் தாய்க்கும் நடுவில் ஒரு குழந்தை இருந்தால் முதல் அடி குழந்தையின் தலையில். அமெரிக்காவில் 1990 முதல் 2008 வரை, மெதுவான மோதல்களில் விரிந்த ஏர்பேக்கால் 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பலர் குழந்தைகள். இந்தச் சாவுகள் தெரியவந்த பிறகுதான் குழந்தைக்குப் பின்சீட் என்பது அங்கே பழக்கமாக வேரூன்றியது.

"எங்க வண்டி ஃபைவ் ஸ்டார்" என்பார்கள். அந்த நட்சத்திரம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். 2023 அக்டோபர் முதல் நடப்பில் இருக்கும் பாரத் என்கேப் என்ற கார் மோதல் சோதனையில், குழந்தைப் பாதுகாப்புக்குத் தனி மதிப்பெண் உண்டு. மணிக்கு 64 கிலோமீட்டரில் காரை மோதவிடும்போது உள்ளே ஒன்றரை வயது, மூன்று வயது அளவில் இரண்டு பொம்மைகள் இருக்கும். இரண்டும் பின்சீட்டில், குழந்தை இருக்கையில் கட்டப்பட்டிருக்கும். மடியில் வைத்துச் சோதிப்பதில்லை. மடியில் குழந்தையோடு போகும் குடும்பம் அந்த நட்சத்திரங்களைக் காட்டி ஆறுதல் அடைய வழியில்லை. அவை வேறொரு குழந்தைக்குக் கிடைத்தவை.

5. பெல்ட்தான் ஆளைக் கொல்லும், சிக்கவைக்கும் என்பது இன்னொரு பயம். 1954 டிசம்பர் 10 அன்று அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப், ராக்கெட் பொருத்திய சறுக்குவண்டியில் மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போய், ஒன்றரை நொடிக்குள் நிறுத்தப்பட்டார். அவர் உடல் தாங்கியது அதன் எடையைப்போல 46 மடங்கு. கண்ணில் ரத்தம் கட்டியது, உயிரோடு எழுந்தார். காரணம், தோளையும் இடுப்பையும் வார்ப்பட்டைகள் இறுகக் கட்டியிருந்தன. மனித உடம்பு, பலமான எலும்புகளின்மேல் பரவலாகப் பிடித்து நிறுத்தப்பட்டால், நாம் நினைப்பதைவிட மிக அதிகம் தாங்கும். குழந்தை இருக்கையின் ஐந்து முனை வார்ப்பட்டை செய்வதும் அதுதான்: இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று. அவிழ்ப்பதற்கு ஒரு சிவப்புப் பொத்தான். ஒரு விரல் போதும்.

6. "நாங்க எல்லாம் இப்படித்தான் வளர்ந்தோம்." வளர்ந்தவர்கள் சொல்கிறார்கள். வளராமல் போனவர்கள் சாட்சி சொல்ல வரமாட்டார்கள்.

2018 செப்டம்பர் 25 அதிகாலை, திருச்சூரிலிருந்து திருவனந்தபுரம் திரும்பிக்கொண்டிருந்த வயலின் கலைஞர் பாலபாஸ்கரின் கார், நகருக்கு வடக்கே பள்ளிப்புறத்தில் சாலையோர மரத்தில் மோதியது. இரண்டு வயது மகள் அன்றே இறந்தாள். அக்டோபர் 2 அன்று பாலபாஸ்கரும் போய்விட்டார். கேரளமே அழுதது. யார் ஓட்டினார்கள், சதி இருந்ததா என்று ஆண்டுக்கணக்கில் பேசினார்கள். விசாரணை சிபிஐவரை போனது. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இரண்டு வயதுக் குழந்தை ஒரு காரில் எங்கே, எதனால் கட்டப்பட்டு உட்கார வேண்டும் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் காதில் விழவே இல்லை. ஆறு ஆண்டு கழித்து அதே நகரத்திலிருந்து ஓர் அதிகாரி அதை எழுப்பினார். அரசு அவர் வாயை அடைத்தது.

7. மிச்சமிருப்பது பணம் பற்றிய வாதம். இதுதான் நேர்மையான வாதம். இதற்குத்தான் நின்று பதில் சொல்ல வேண்டும். குழந்தை இருக்கைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். குழந்தை வளர வளர மாற்ற வேண்டும். சின்னக் காரில் தாத்தா, பாட்டி, இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேர் போகும் குடும்பத்தில் அதற்கு இடமும் இல்லை. டாக்ஸியில் அது கிடையாது. ஆட்டோவில் பெல்ட்டே கிடையாது. எல்லாம் உண்மை.

ஆனால் இவையெல்லாம் இருக்கையை எப்படிக் கைக்கெட்டச் செய்வது என்று கேட்கும் காரணங்கள். மடி பாதுகாப்பானது என்று நிரூபிக்கும் காரணங்கள் அல்ல. ஏழு லட்சத்துக்கும் பத்து லட்சத்துக்கும் கார் வாங்கி, சீட் கவருக்கும் மியூசிக் சிஸ்டத்துக்கும் தனியாகச் செலவு செய்யும் குடும்பத்துக்கு ஏழையின் ஸ்கூட்டரைக் காட்டி விலக்கு கேட்பது நியாயம் ஆகாது. அந்த ஸ்கூட்டருக்கே சட்டம் வந்துவிட்டது: ஒன்பது மாதம் முதல் நான்கு வயதுவரை உள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும் ஓட்டுபவரோடு பிணைக்கும் வார்ப்பட்டையும் வேண்டும் என்று 2022இல் மத்திய அரசு விதி செய்தது. கேரளம் அடுத்த ஆண்டே, இருசக்கர வாகனத்தில் பெற்றோரோடு மூன்றாவதாக ஒரு சிறு குழந்தையையும் அனுமதிக்கச் சொல்லி டெல்லிக்கு எழுதியது, டெல்லி மறுத்தது. குழந்தை என்றால் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்ற மனப்பான்மை இந்த மாநிலத்தில் ஒரு கட்சிக்கோ ஓர் அமைச்சருக்கோ உரியது அல்ல. உடம்பு சிறியது என்றால் சட்டம் இறுக வேண்டும், நடப்பது நேர்மாறு.

சட்டம் இல்லை என்றும் சொல்ல முடியாது. பதினான்கு வயது நிரம்பாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைப் பாதுகாப்பு அமைப்போ இல்லாமல் ஏற்றிச்சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு சொல்கிறது. அமைச்சரின் அறிக்கை அந்தப் பிரிவை நீக்கவில்லை. அதை யாரும் கண்டுகொள்ள வேண்டாம் என்று மட்டும் சொன்னது. எதிர்ப்பு இருந்தால் எதையும் செய்ய முடியாது என்பதும் பொய். 2023 ஜூனில் விதிமீறலைப் பிடிக்கும் 726 கேமராக்களை அதே அரசு சாலைகளில் இயக்கியபோது எதிர்ப்பு கொஞ்சமல்ல. ஊழல் புகார்வரை போனது. கேமராக்கள் நிற்கவில்லை.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் கணக்கில், குழந்தை இருக்கை கார் விபத்தில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் சாவு வாய்ப்பை 71 சதவீதமும், ஒன்று முதல் நான்கு வயதுவரை 54 சதவீதமும் குறைக்கிறது. இவ்வளவு பலன் தரும் பொருளை மருந்துக்கடையில் விற்றால், விலை அதிகம் என்பதற்காக வேண்டாம் என்று எந்த அரசும் சொல்லாது. விலையைக் குறைக்கும், இல்லையென்றால் இலவசமாகக் கொடுக்கும். தடுப்பூசியில் அதைத்தான் செய்கிறார்கள்.

தொடங்க வேண்டிய இடமும் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகள் பெரும்பாலும் யாருடைய மடியிலாவதுதான் வீட்டுக்குப் போகின்றன. பின்னோக்கிய இருக்கைகளை அங்கே வாங்கி வைத்து, காரில் போகிறவர்களுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு ஓராண்டுக்குக் கடனாகக் கொடுக்கலாம். குழந்தை வளர்ந்ததும் திருப்பி வாங்கிச் சுத்தம் செய்து அடுத்தவருக்குத் தரலாம். பேற்றறை நர்ஸ் தாய்ப்பால் கொடுக்கச் சொல்லித்தருவதுபோல வார்ப்பட்டை மாட்டவும் பத்து நிமிடம் சொல்லித்தரலாம். டாக்ஸிகளில் மடக்கக்கூடிய ஒரு பூஸ்டர் இருக்கை வைத்தால் பெர்மிட் கட்டணத்தில் சலுகை கொடுக்கலாம். ஷோரூமில் புதுக் காரை ஒப்படைக்கும்போது வீட்டில் குழந்தை உண்டா என்று கேட்டு, இருக்கையைப் பொருத்திக் காட்டும்படி மோட்டார் வாகனத் துறை உத்தரவு போடலாம். இவற்றுக்கு ஓராண்டு அவகாசம் கொடுத்து, அதன் பிறகு அபராதத்தைத் தொடங்கலாம். விழிப்புணர்வுதான் நோக்கம் என்று 2024 அக்டோபரில் சொன்ன அரசு, அந்த விழிப்புணர்வுக்கான வேலை எப்போது தொடங்கும் என்று ஒரு தேதியாவது சொல்ல வேண்டும்.